ஏழாவது திங்கள்

கொக்கிரகுளம் வாசலில் பையைக் கொட்டச் சொன்னார்கள்.
குடை, மனு, மனுவின் நகல்,
நகலுக்கு ஒரு நகல்,
அப்புறம் மகளுக்குப் பால் ஊற்றிய பாட்டில்.
பெண்போலீஸ் மூடியைத் திருகி
மூக்கருகே கொண்டுபோனாள்.
மண்ணெண்ணெய் இல்லை, பால்தான் என்றானதும்
கொஞ்சம் வெட்கப்பட்டாள்.
"என்ன செய்யக்கா, டூட்டி."
இருக்கட்டும் தாயி. இந்த ஏழு வாரத்தில்
எங்கள் கையிலுள்ள எதையும்
இத்தனை கிட்டத்தில் வைத்துப் பார்த்தது
நீ ஒருத்திதான்.

விஷயம் சின்னது.
கீழப்பாறைக்குளம் பால்வாடியில் போன ஐப்பசியில்
கூரைக் காரை பெயர்ந்து
சத்துமாவு மூட்டைமேல் விழுந்தது.
பிள்ளைகள் வெளியே கை கழுவ வரிசையில் நின்றார்கள்.
இசக்கி காப்பாற்றினாள் என்றது ஊர்.
இசக்கி வேலையை இசக்கி பார்த்துவிட்டாள்;
மிச்சம் யூனியன் ஆபீஸ் பார்க்க வேண்டியது.

பூட்டினார்கள்.
முக்கூடல் ரோட்டுக்கு அந்தப்பக்கம்
வேறொரு மையத்தில் சேர்த்தாயிற்று
என்று காகிதம் சொல்கிறது.
மூன்று வயதுக் கால்
ஜல்லி லாரிகளை எப்படித் தாண்டும் என்று
சொல்லவில்லை.
ஆகவே பிள்ளைகள் எங்கள் சுளவுக்குப் பக்கத்தில்,
தூள் பறக்கிற காற்றில்.
தும்முகிறார்கள்.
தும்மி முடித்து விளையாடுகிறார்கள்.

நாங்கள் பதினாலு பேர். எல்லாரும் பீடி சுற்றுகிறவர்கள்.
ஜெபக்கனி அக்கா எட்டாவது பெயில்,
'பொருள்' என்று போட்டுக் கீழே கோடு இழுக்க
அவளை விட்டால் ஆளில்லை.
மைதீன் பாத்து பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி
கட்டடத்துக்கு வந்த பணம் எங்கே என்று
சட்டப்படி கேட்டாள்.
'நிதி திரும்பச் செலுத்தப்பட்டது.'
யாரிடம் திருப்பினார்களோ, நாங்கள் வாங்கவில்லை.
கிராமசபையில் சுடலைவடிவு எழுந்து
இதைத் தீர்மானமாய் எழுதுங்க என்றாள்.
எழுதி முடிக்கும்வரை
கொடுத்த டீயைக் கையிலேயே வைத்திருந்தாள்,
ஆடை கட்டிப்போனது.

ஒரு திங்கள் போனால் ஆயிரம் பீடி போச்சு.

இன்றைக்கு வாய்த்த அதிகாரி நல்லவர்,
நாற்காலியைக் காட்டினார்.
"ஏம்மா, மூணு வயசுப் பிள்ளை
அப்படி என்னத்தப் படிக்கப் போகுது?"

"எண்ணுட்டி" என்றேன் மகளிடம்.
மேசையில் கிடந்த கிளிப்புகளை
ஒவ்வொன்றாய் நகர்த்தி
ஒன்று, ரெண்டு என்று
இருபத்தஞ்சுவரை தப்பில்லாமல் வந்தாள்.
அங்கே நிறுத்தினாள்.
காற்றில் ஒரு நூலை எடுத்து
இறுக்கிச் சுற்றி முடிச்சிட்டுத் தள்ளி வைத்தாள்.
மறுபடியும் ஒன்று.

அதிகாரி கைதட்டினார்.
எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது.
ஒரு கட்டுக்கு இருபத்தஞ்சு பீடி என்று
அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

ஏழாம் திங்களில் எங்கள் பக்கம் வளை அடுக்குவார்கள்.
எனக்கு ஒரு சீட்டு:
மனு பெறப்பட்டது, எண், தேதி,
கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து.

பத்தமடை தாண்டியதும்
ஜன்னலோரம் முட்டிபோட்டு நின்று
கரண்டுக் கம்பங்களை எண்ணத் தொடங்கினாள்.
இருபத்தஞ்சில் நூல் சுற்றப்போன விரலை
எட்டிப் பிடித்தேன்.
"இருபத்தாறு" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள்.
"அது கழிவாம்மா?"

கட்டில் சேராததைக் கடைக்காரர்
விரலால் ஒதுக்கித் தள்ளுவதைப் பார்த்து வளர்கிறவள்.
அதற்குள் வீரவநல்லூர் கம்பங்கள் போய்க்கொண்டிருந்தன,
எண்ணப்படாமல்.

ராத்திரி ஜெபக்கனி அக்கா புதுத் தாளை எடுத்தாள்.
பெறுநர். உயர்திரு. பொருள். கோடு.
"பழையபடியே எழுதட்டாட்டி?"
வேண்டாம்கா. சட்டப்பிரிவெல்லாம் அடியில் இருக்கட்டும்.
முதல் வரியை இப்படிப் போடுங்க:

ஐயா,
எங்கள் ஊரில்
இருபத்தஞ்சுக்கு மேல் எண் கிடையாது.